மடியில் வந்த குட்டி

பெட்ரோலுக்குப் பதில் கரியில் பஸ் ஓடிய காலம். தொண்டியிலிருந்து ராமநாதபுரம் போகும்போது என் பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருந்தார். தாய் ஆடு செத்துப்போனதாம். குட்டி பாலுக்குக் கத்தும்போதெல்லாம் தன் விரலைச் சப்பக் கொடுத்தார்.

"தங்கச்சி வீட்டுல பாலாடு நிக்குது. அதுவரைக்கும் தாங்கிட்டா பொழைச்சுக்கிரும் தம்பி," என்றார்.

பாதி வழியில் குட்டியின் தலை தொங்கிவிட்டது. கரி போட பஸ் நின்றதும், ரோட்டோரம் ஆடு மேய்த்த பெரியவரிடம் அந்த அம்மா குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். புதிதாய் ஈன்றிருந்த ஆடு ஒன்றை அவர் பிடித்துக்கொள்ள, குட்டி முட்டி முட்டிக் குடித்தது.

கண்டக்டர் விசில் ஊதினார். "நீங்களே வளத்துக்கங்கய்யா," என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா வெறுங்கையோடு ஏறி வந்தார்.

"குட்டியை விட்டுட்டு வந்துட்டீங்களே?" என்றேன்.

"வாய் வச்சுக் குடிக்கிறதை எப்படித் தம்பி பிடுங்கிட்டு வாறது?"

புடவையில் ஒட்டியிருந்த ரோமத்தை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றைக்கூட ஜன்னலுக்கு வெளியே போடவில்லை.