குளோரின் குடித்த தொட்டி

போன மாதம் பாலத்தடிச் செக் பொயின்ட்டில், பெட்டியில் பீப்பாய் ஏற்றிய எங்கள் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை மறித்தார்கள். யுத்தம் முடிந்துவிட்டது, பாதை திறந்துவிட்டது... ஆனாலும் பீப்பாய் என்றால் சந்தேகம் வராதா?

“உள்ளுக்கு என்ன?” என்று உடைந்த தமிழில் கேட்டார் சிப்பாய்.

“கிருமி” என்றார் தங்கேஸ்வரி அக்கா.

எனக்கு உயிர் போய் வந்தது. “சாணிக் கரைசல் ஐயா” என்று முந்திக்கொண்டேன். அவர் நம்பவில்லை. மூடியைத் திறந்தார். ஒரே ஒரு மூச்சுத்தான் — போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார்.

வாவிக்கு மேற்கே கொக்கட்டிச்சோலையிலிருந்து கடற்கரையில் பெரியகல்லாறு வரை அந்த நாற்றத்தை ஏன் சுமந்தோம்?

சுனாமி தங்கேஸ்வரி அக்காவின் கணவரையும் வீட்டையும் கொண்டுபோனது. பிறகு பெரியகல்லாற்றில் வரிசை வீடு ஒன்று கிடைத்தது. அந்த வரிசையின் கழிவறைத் தண்ணீர், சமையல் மிச்சம் எல்லாம் நிலத்துக்கடியில் ஒரே தொட்டிக்குள் போகும். அதிலிருந்து வரும் வாயுவில்தான் அக்கா இடியப்பம் அவித்து விற்கிறார். என் காலைச் சாப்பாடும் அதுதான்.

மழையோடு வரிசையில் வயிற்றோட்டம் பரவியது. அக்கா என்ன செய்தார்? தொட்டிக்குள் வாளி வாளியாகக் குளோரின் ஊற்றினார். சிரிக்காதீர்கள். கடல் புகுந்த கிணறுகளுக்குக் குளோரின் போட்டுத்தான் நாங்கள் அன்று பிழைத்தோம். அன்றிலிருந்து இந்தக் கரையில் எதற்கெடுத்தாலும் குளோரின்.

அடுப்பு அணைந்தது. கறுப்புத் தண்ணீர் வாவிப் பக்கம் வழிந்தது. இறால் பிடிப்பவர்கள் வந்து, தொட்டியை மூடச் சொல்லி நின்றார்கள். மூடினால் வரிசைக்குக் கழிவறை இல்லை, அக்காவுக்குப் பிழைப்பு இல்லை.

தொட்டியைப் பார்க்க டெக்னீஷியன் ரவி வந்தார். “அக்கா, உள்ள வேல செய்யிற ஆக்கள முழுக்கச் சாகடிச்சுப் போட்டீங்க.”

“நான் கிருமியத்தானே தம்பி சாகடிச்சன்?”

“அதத்தான் நானும் சொல்லுறன்.”

காற்றுப் புகாத இருட்டில் வாழ்கிறவர்கள் இந்தத் தொட்டிக் கிருமிகள். ஒரு கூட்டம் கழிவை உடைத்துப் புளிக்க வைக்கும். இன்னொரு கூட்டம் அந்தப் புளிப்பைத் தின்று வாயுவாக விடும். பின்னவர்கள் கொஞ்சம் நோஞ்சான்கள், மெதுவாகத்தான் பெருகுவார்கள். அவர்கள் போனால் புளிப்பு ஏறி மற்றவர்களும் படுத்துவிடுவார்கள். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை... ஆனாலும் வேலை நடக்கிறது. நாங்களோ ஒரு கோயில் கூட்டத்தையே சண்டையில்லாமல் முடிப்பதில்லை.

பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, வேலை செய்யும் தொட்டி ஒன்றிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து ஊற்ற வேண்டும் என்றார் ரவி. அப்படியொரு சாணித் தொட்டி கொக்கட்டிச்சோலையில் ஒரு மாட்டுப் பட்டியில் இருந்தது. யுத்த காலத்தில், இயக்கத்தின் கையில் இருந்த அந்த மேற்குக் கரையிலிருந்து பீப்பாயோடு வந்திருக்க முடியுமா?

ஊற்றினோம். அக்கா தினமும் தீக்குச்சி கிழித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. இந்தக் கிழமை ஒரு காலையில் போனால் — நீலச் சுவாலை. அக்கா அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கியது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

முதல் அவித்த இடியப்பத்துக்கு ஆவலாகக் கையை நீட்டினேன். அக்கா என்னைத் தாண்டிப் போய் அதைத் தொட்டி வாய்க்குள் போட்டார்.

“முதல்ல அவங்க தின்னட்டும். மறுகா நீங்க.”

பொறுத்தேன். சீனியாரிட்டி அவர்களுக்குத்தானே!