டீச்சர் இறக்கிய சூடு

1982-இல் எங்கள் தென்காசித் தெருவில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே பெண்பிள்ளை இராமலட்சுமி டீச்சர்தான். லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வீட்டுக்காரர் முத்துக்குமாரசாமி காரை விற்கப்போகிறேன் என்று நின்றார். டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர்களுடைய பழைய அம்பாசடரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பிலேயே போய் நின்றது. அவரும் வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஐந்தருவித் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்து ரேடியேட்டரில் ஊற்றினார்.

"பைத்தியத்தையே தெளிய வைக்குத தண்ணி. இன்ஜின் சூடு எம்மாத்திரம்?" என்று எங்களிடம் விளக்கம் வேறு.

முள் அசையவில்லை. இன்ஜின் போச்சு என்று முடிவுகட்டி, சுரண்டை மிளகாய் வியாபாரி ஏசுவடியானை ஞாயிற்றுக்கிழமை காரை வாங்க வரச் சொல்லிவிட்டார். மனுஷன் பிடித்தால் ஒரே பிடி.

வெள்ளிக்கிழமை காலை சாரல் விடாமல் பெய்தது. ஜில்லிட்டுக் கிடந்த காரில் டீச்சர் சாவியை மட்டும் திருப்பினார். இன்ஜினைக் கிளப்பவே இல்லை. முள் துள்ளிச் சிவப்புக்குப் போனது. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏங்க, இங்கன வந்து பாருங்க. குளிர்ல நடுங்குத வண்டிக்குக் காய்ச்சலாம்!"

பானட்டைத் திறந்தார். இன்ஜினின் சூட்டை உணர்ந்து முள்ளுக்குச் சொல்வது கட்டைவிரல் அளவுள்ள ஒரு பித்தளைக் குமிழ். அதிலிருந்த வயரைக் கழற்றியதும் முள் பொத்தென்று விழுந்தது. இத்தனை நாளும் புளுகியது குமிழ்தான். இன்ஜின் நன்றாகவே இருந்திருக்கிறது.

சனிக்கிழமை பஸ் ஏறி, திருநெல்வேலி ஜங்ஷனில் புதுக் குமிழ் வாங்கி வந்தார். ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் வடித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்பேனரால் பழையதைக் கழற்றினார். புதியதை வாஷரோடு முறுக்கி வயரை மாட்ட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சுற்றி நின்ற நாங்கள்தான் ஆளுக்கொரு யோசனை சொல்லி உயிரை வாங்கினோம்.

ஞாயிறு காலை டீச்சரே புளியறை மேடுவரை ஓட்டிப்போய்த் திரும்பினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் ரோட்டைப் பார்க்கவே இல்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நடுவைத் தாண்டவில்லை.

வீட்டு வாசலில் ஏசுவடியான் காத்திருந்தார். "அண்ணாச்சி, என்ன முடிவு பண்ணியிருக்கீய?"

முத்துக்குமாரசாமி அசடு வழியச் சிரித்தபடி இறங்கினார். "எங்கிட்ட ஏன் கேக்கீய? வண்டி அவளுது. அவகிட்ட கேளுங்க."

டீச்சர் இன்ஜினை அணைக்கவில்லை. எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க அண்ணாச்சி. சுரண்டையில விட்டுட்டு வாரேன்."