இல்லாத படையின் தளபதி

உருளைக்கிழங்கு சீவிய கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் கேணல் அந்தக் கதையைத் தொடங்கினார். சுவிஸ் நாட்டின் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினி அது. அவருக்குப் பாத்திரம் கழுவும் வேலை, எனக்குச் சலாட் வெட்டும் வேலை. தன் நாட்டு இராணுவத்தில் அவர் உண்மையாகவே கேணலாக இருந்தவர். அந்த நாட்டின் பெயரை எழுதமாட்டேன். அவருடைய உறவுகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நாங்கள் கதைத்தது உடைந்த டொச்சில், அந்த ஊர் ஜெர்மன் மொழியில். ஆனால் என் நினைவில் அவர் குரல் யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கிறது.

எங்கள் போரின் கடைசி மாதங்களில் தம்பியைப் பறிகொடுத்தவள் நான். தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகும் மேலே இருப்பவர்கள் ஏன் நிறுத்துவதில்லை என்று அவரிடம் கேட்டேன். அப்படி முடிவெடுக்கும் ஓர் அறைக்குள் இருந்த வேறு எவரையும் எனக்குத் தெரியாது.

நிலத்துக்கு அடியில் இருந்த அறை என்றார். ஆற்றங்கரை நகரத்தைக் கைவிடுவதா, காப்பதா என்பதுதான் பேச்சு. காக்க முடியாதென்று தளபதிகள் எல்லோரும் வெளியே முணுமுணுத்துக்கொண்டு நின்றவர்கள்தான். உள்ளே நாட்டின் அதிபர் ஒவ்வொருவராகக் கேட்டார். முதலாமவர் காக்கலாம் என்றார். அதன்பின் எல்லோருக்கும் அதே வாய். கடைசியில், வரைபடத்தை விரித்துப் பிடித்திருந்த கேணலிடம், பாலத்தடிப் படையணி தாங்குமா என்று கேட்டார்.

“அங்க அப்பிடி ஒரு படையணி இப்ப இல்லை.”

அதிபர் கோபப்படவில்லை. பாதுகாப்பு அமைச்சரைத் திரும்பிப் பார்த்தார். “இருக்கு” என்றார் அமைச்சர். முடிவு எடுத்தாயிற்று. அன்றைக்கே கேணலை அந்த இல்லாத படைக்குத் தளபதியாக்கி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடப் பொடியன்கள் சிலரும் ஒரு சமையற்காரரும் நின்றார்கள். துவக்குகளை ஆற்றில் எறியச் சொல்லி, அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கேணல் எல்லையைப் பார்த்து நடந்தார்.

ஒரு கோடையில் அதே அமைச்சர் எங்கள் ஹோட்டலுக்கு விருந்தாளியாக வந்தார். அதிபர் செத்துப்போயிருந்தார், இவர் வெளிநாட்டில் வசதியாக வாழ்ந்து முதிர்ந்திருந்தார். கேணல் இங்கே வேலை செய்வதை யாரிடமோ அறிந்து, மதியச் சாப்பாட்டின்போது மேசைக்கு அழைப்பித்தார். நான் சலாட் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். அமைச்சர் எழுந்து தழுவ வந்தார். அந்த அறையில் எங்கள் ஒருவருக்கும் வேறு வழி இருக்கவில்லை, இவரே சாட்சி என்று கூட இருந்த சுவிஸ்காரர்களிடம் சொன்னார்.

கேணல் ஓர் அடி பின்னால் போனார். எல்லோருக்கும் விளங்க வேண்டுமென்று, தாய்மொழியை விட்டு டொச்சிலேயே சொன்னார்.

“வழி இருந்தது. நான் இல்லை எண்டனான். நீங்கள் இருக்கு எண்டனீங்கள். அந்த நகரம் எரிஞ்சு போச்சு.”

குரல் உயரவே இல்லை. சொல்லிவிட்டுக் குசினிக்குத் திரும்பினார்.

அமைச்சர் முறைப்பாடு செய்தார். பின்னேரம் மனேஜர், மதியம் சாப்பாட்டு மண்டபத்தில் நின்ற எங்களை வரிசையாக நிறுத்தினார். விருந்தாளியைப் பார்த்துக் கேணல் கத்தினாரா என்று கேட்டார். முதலில் நின்றவர் ஓம் என்றார். அடுத்தவரும் ஓம் என்றார். என் வதிவிட அனுமதி அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பியை நினைத்தேன். அவனுடைய உயிருக்கும் எங்கோ ஓர் அறையில் யாரோ இப்படித்தான் ஓம் சொல்லியிருப்பார்கள்.

“இல்லை. அவர் கத்தேல்லை” என்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற போர்த்துக்கேயப் பெண்ணும் இல்லை என்றாள்.

கேணலின் வேலை போனது போனதுதான். மன்னிப்புக் கேட்டால் வைத்திருப்போம் என்றார்கள், கேணல் கேட்கவில்லை. என்னை அவருடைய இடத்தில் பாத்திரம் கழுவ விட்டார்கள். அதைத் தண்டனை என்று நினைத்தவர்கள் அவர்கள்தான், நானல்ல.

பஸ் தரிப்பிடத்தில் நடந்ததை அவரிடம் சொன்னேன். எனக்குப் பிறகு நின்றவள் என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டார். அவளும் இல்லை என்றாள் என்றேன். பஸ் வந்து, அவர் ஏறாமலே போயிற்று.

“அங்க எனக்குப் பிறகு ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லேல்லை, தங்கச்சி.”

போன மாரியில் பீல் நகரில் கேணல் காலமானார். இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் ஒவ்வொருவராக அபிப்பிராயம் கேட்கும்போது, முதலில் என்னைக் கேளுங்கள் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். பிடிவாதக்காரி என்கிறார்கள். சொல்லட்டும்.