தட்டியில் இருந்த பறவை

பேர்லினில் புதிதாகத் திறந்த சீன உணவகம். உள்ளே நுழைந்ததும் அன்னாசிப்பூ மணத்தது. மூலையில் ஃபெங்ஹுவாங் என்ற சீனப் புராணப் பறவை வரைந்த மரத்தட்டி. என் கால்கள் நின்றுவிட்டன.

எனக்கு எட்டு வயதில், வேலை அனுமதி இல்லாத அப்பா இப்படியொரு கடையில்தான் கோப்பை கழுவினார். பள்ளி விட்டதும் அங்கே போய்விடுவேன். அங்கேயும் இதே பறவை வரைந்த தட்டி ஒன்று நின்றது.

“சண்டை இல்லாத நாட்டிலதான் இந்தப் பறவை வந்து இறங்குமாம். முதலாளியம்மா சொன்னவ” என்பார் அப்பா.

ஒரு மதியம் அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். அப்பா தட்டிக்குப் பின்னால் ஓடினார்.

“பறவையைப் பாக்காதை பிள்ளை.”

கண்ணைத் தாழ்த்தினேன். தட்டிக்கு அடியில் அவருடைய ஈரச் சப்பாத்துகள் தெரிந்தன. அதிகாரிகள் போன பிறகும் அவை அசையவில்லை.

இன்று என்னிடம் ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனாலும் உட்காருவதற்கு முன், குனிந்து தட்டிக்கு அடியில் பார்த்தேன்.