தம்பிக்கு, ஏழாவது தடவை

அவளை எல்லோரும் மெயில்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் மருத்துவமனை, மொழிபெயர்ப்பு நிலையம், லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி என்று ஒன்பது சின்ன அலுவலகங்களின் சர்வர்கள் அவள் பொறுப்பில் இருந்தன. மெயில் நின்றால் அவள் போன் அலறும். ஓடினால் அவள் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. "ஒன்பது வீட்டு மருமக" என்று பஸ் ஓட்டும் கணவர் கேலி செய்வார்.

அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உறையைப் பார்க்கலாம், உள்ளே இருப்பதைப் படிக்கக் கூடாது.

லிப்ட் கம்பெனியின் சர்வர் ஸ்டோர் ரூமில், கிரீஸ் டப்பாக்களுக்கும் கம்பிச் சுருள்களுக்கும் நடுவே இரைந்துகொண்டிருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் அவளே வைத்தது. அதற்கு வயதாகிவிட்டதால், மெயில்களைப் புதியதற்கு மாற்ற வந்திருந்தாள். ஒவ்வொருவர் பெட்டியாக நகர்த்தி முடித்தும் ஒன்று மிச்சமிருந்தது. முகவரி தப்பாக வரும் மெயில்கள் தொலைந்துபோகாமல் வந்து விழட்டும் என்று அன்றைக்கு அவள் வைத்த பொதுப் பெட்டி. அதை அவ்வப்போது திறந்து பாருங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவளும் மறந்தேபோயிருந்தாள்.

உள்ளே நாலாயிரத்துச் சொச்சம் குப்பை. மொத்தமாக அழிக்கப் போன கை நின்றது. தலைப்புகளுக்கிடையே "தம்பிக்கு" என்று ஒன்று. பிறகு "தம்பிக்கு, மூன்றாவது தடவை". நான்கு மாதங்களுக்கு முன் வந்தது, "தம்பிக்கு, ஏழாவது தடவை". முகவரியில் லிப்ட் கம்பெனி முதலாளியின் பெயரில் ஒரே ஒரு எழுத்து குறைந்திருந்தது.

அனுப்பியது யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலாளிக்கு ஒரே அக்கா, ஒரு நாள் ரயில் தூரத்தில். அக்கா மகளின் கல்யாணத்தன்று ஒரு லிப்டில் நாலு பேர் மாட்டிக்கொண்டதால் அவர் போகவில்லை. அதோடு பேச்சு நின்றது. அவர் போன் நம்பர் மாறியது, வீம்பு மாறவில்லை. "அவ என்னைத் தலைமுழுகிட்டா" என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள்.

"அழிச்சிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கணவர்.

"எனக்குத் தெரியுமேங்க."

"அப்ப நாளைக்குப் போய்த் திட்டு வாங்கிட்டு வந்துடு. வீட்டுக்கு வா, சூடா டீ போட்டுத் தரேன்."

மறுநாள் காலை முதலாளியின் மேசை முன்னால் உட்காராமல் நின்றாள்.

"சார், தப்பு என்னுது. உங்க அக்கா ஏழு லெட்டர் போட்டிருக்காங்க. நான் வச்ச பெட்டியில விழுந்து கிடந்திருக்கு. நான் படிக்கல."

அவர் திரையைப் பார்த்தார். முகவரியில் விரல் வைத்தார்.

"வீட்ல அவ என்னை இப்படித்தாம்மா கூப்பிடுவா. கடைசி எழுத்தை முழுங்கிடுவா." சட்டென்று குரல் உயர்ந்தது. "ஆறு வருஷம்! நீ என்ன வேலை பார்த்த?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். ஒரு மணி நேரம் அந்தக் கதவு திறக்கவில்லை. மெக்கானிக்குகள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார்கள்.

கதவு திறந்தபோது அவர் மூக்கு சிவந்திருந்தது. "அம்மா, வந்து உட்காரு. பதில் எழுதிட்டேன். சரியான இடத்துக்குத்தான் போகுதான்னு நீ பார்த்து அனுப்பு."

அனுப்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அவர் போன் அடித்தது. கடிதத்தின் அடியில் நம்பரை எழுதியிருந்தார் போலிருக்கிறது. ஸ்பீக்கர் போடாமலேயே ஒரு பெண்ணின் அதட்டல் அறை முழுக்கக் கேட்டது. "சரிக்கா, சரிக்கா" என்பதைத் தவிர முதலாளி வேறு எதுவும் பேசவில்லை. முகம் மட்டும் சிறுபிள்ளை மாதிரி விரிந்துகொண்டே போனது.

அடுத்த மாதம் அக்காவே வந்துவிட்டார். முழங்கால் வலியோடு, அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஸ்டோர் ரூம்வரை நடந்து, கைப்பையை கிரீஸ் டப்பாமேல் வைத்தார்.

"என் லெட்டரையெல்லாம் அடைகாத்த மகராசி நீதானா?"

"மன்னிச்சிடுங்கம்மா."

"மன்னிக்கிறது இருக்கட்டும். அழிக்காம வச்சிருந்தியே." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த அஞ்சாவது லெட்டர்ல மட்டும் அவனைக் கன்னாபின்னான்னு திட்டியிருக்கேன். அதை மட்டும் இப்ப எடுத்துட முடியுமா?"

"அவர் படிச்சிட்டாரும்மா."

"படிச்சிட்டானா? சரி, படிக்கட்டும்" என்று சிரித்தபடி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.