அலை உடையாத இடம்

என் அம்மா செண்பகவல்லி திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் வறுத்த கடலை விற்றாள். நாகர்கோவிலிலிருந்து கட்டட வேலைக்கு வந்த அப்பா, நான் பிறந்த மறுவருடமே இறந்தார்.

ஆடி அமாவாசை இங்கே கர்க்கடக வாவு. அன்று மட்டும் அம்மா எள்ளும் தர்ப்பையும் வாழையிலையும் விற்பாள். இறந்தவர்களுக்குப் பலியிட வருகிறவர்கள், பிண்டம் வைத்த இலையைத் தலையில் ஏந்தி, கடலுக்கு முதுகு காட்டி நின்று பின்னால் விடுவார்கள். வரும் அலை கண்ணில் படாது. அதனால் வயதானவர்களுக்கு அம்மா அலை உடையாத இடமாகப் பார்த்துக் கைகாட்டுவாள்.

எனக்குப் பக்கத்து ஊரான கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை. கடற்கரைக் கேமராப் படங்களிலிருந்து இழுப்பு நீரோட்டத்தைக் கணினியே கண்டுபிடிக்கும்படி செய்கிறோம். பத்து நிமிடப் படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், உடையும் அலைகள் வெள்ளைப் பட்டையாகும். நடுவே கருப்பாக ஓர் இடைவெளி தெரியும். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. நிற்பவரையும் இழுத்துப் போகும். அலை அங்கே உடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல ஆளுகளக் காணல்லியே மக்ளே?"

சராசரியில் ஆட்கள் மறைந்துவிடுவார்கள் என்றேன். அப்படியானால் முழுப் பதிவையும் காட்டு என்றாள்.

பிறகு மாலைதோறும் முந்தைய வாவு நாளின் பதிவைப் பார்த்தாள். தான் கைகாட்டிய ஒவ்வொருவரும் கரையேறும்வரை கண்ணை எடுக்கவில்லை. எல்லோரும் ஏறினார்கள், ஒருவரைத் தவிர. மெலிந்த முதியவர், தனியாக வந்தவர். அவர் இலையைத் தூக்கியபோது கேமராக் கண்ணாடியில் மழை விழுந்தது. தெளிந்தபோது அங்கே யாருமில்லை.

காவல் நிலையத்தில் விசாரித்தேன். அன்று யாரும் காணாமல் போனதாகப் புகார் இல்லை. தனியாக வந்த ஆளுக்கு யார் புகார் கொடுப்பார்கள் என்று அம்மா கேட்டாள்.

கடலை விற்பதை விட்டாள். அந்த இடைவெளியின் முன்னால் நின்று ஆட்களை விலக்கத் தொடங்கினாள். பக்கத்தில் வியாபாரம் செய்த அம்மிணி, "செண்பகம் சேச்சிக்கு கவர்மென்ட் ஜோலி கெடச்சாச்சு, இனி பென்ஷனும் உண்டு" என்று கிண்டல் செய்வாளாம். அவளே மருத்துவமனைக்கு வந்து, அதைச் சொல்லி அழுதாள். அப்போது அம்மாவுக்குப் புற்று முற்றியிருந்தது.

அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"எனக்கு வைக்கும்போ அந்தாளுக்கும் ஒரு பிண்டம் வச்சிரு மக்ளே."

இந்த வாவுக்குத் தனியாகப் போனேன். எங்கள் எச்சரிக்கையைப் பார்த்து, இடைவெளிக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். ஈர மணலில் உட்கார்ந்து சோற்றை இரண்டாகப் பிரித்தேன். சடங்கு செய்விப்பவர் எத்தனை பேருக்கு என்று கேட்டார்.

இரண்டாவதை வைத்தால் அந்த முதியவர் இறந்தவராகிவிடுவார். அம்மா அனுப்பி இறந்தவர்.

இரண்டையும் சேர்த்து ஒன்றாக உருட்டினேன்.

"ஒருத்தருக்குத்தான்," என்றேன். "அம்மைக்கு."