தீர்த்தவாரிக்குப் போன ஆமை

பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். குருசுக்குப்பத்து மீனவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று எங்கள் பஜனை மடத்தில் பேச்சு வந்தது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பகலெல்லாம் ஆலையில் வேலை. ஆனாலும் பெருமாள் புண்ணியத்தில் எனக்குக் கிடைத்த எழுத்தை நாலு பேருக்குக் கொடுத்தால் குறைந்தா போய்விடும் என்று ஒப்புக்கொண்டேன். சம்பளம் கிடையாது. சாயங்காலமானால் முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், வலைகள் தொங்கும் ஒரு கொட்டகையில் பாடம் நடத்துவேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள்.

சம்பளம் இல்லாத குறையை அவர்கள் லீவு நாளில் தீர்த்துவைத்தார்கள். எனக்கு ஆலை விடுமுறை என்று தெரிந்தால் போதும், யாராவது ஒருவர் எங்காவது அழைத்துப் போய்விடுவார். ஊசுட்டேரியில் நீர்க்கோழிகள் கூட்டமாக எழும்பி வெயிலை மறைத்ததைப் பார்த்தேன். மரக்காணத்து உப்பளத்தில் ரோஜா நிறச் சிறகோடு பூநாரைகள் வரிசையாக நின்றதைப் பார்த்து, இதெல்லாம் யாருக்காகப் படைத்தாயப்பா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அரியாங்குப்பத்து ஆற்றில் படகில் போகும்போது மேலே சாய்ந்த கிளையிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாம்பு என் மடியில் விழுந்தது. நான் “பெருமாளே” என்று போட்ட சத்தத்தில் அது எனக்கு முன்னால் ஆற்றில் குதித்துவிட்டது. அன்றிலிருந்து வகுப்பில் யார் எழுத்தைத் தப்பாக எழுதினாலும், பின்வரிசையிலிருந்து என் குரலிலேயே “பெருமாளே” என்று ஒரு சத்தம் வரும்.

என் மாணவர்களில் படகுக்காரர் ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது, பெரிய மீசை, ரோஷக்காரர். அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அவர் எழுந்து போனால் கொட்டகை காலியாகிவிடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முதல் வருடம் அவர் ஆசையாக அனுப்பிய வஞ்சிர மீனை, நாங்கள் சைவம் என்பதால் என் மனைவி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அதற்கே பத்து நாள் வகுப்புக்கு வரவில்லை.

இப்படியிருக்க, ‘ஆ’ எழுத்துக்கு ஆமையைச் சொல்லி, கையோடு கடல் கடைந்த கதையையும் சொல்லிவைத்தேன். மலையைத் தாங்கப் பெருமாளே ஆமையாக வந்தார் என்றேன். படகுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கதை மனசில் பதிந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மாசி மகத்துக்கு முதல் நாள் காலையில் வாசலில் ஆள் அரவம் கேட்டது. ஈரச் சாக்கில் எதையோ சுற்றி மூங்கிலில் கட்டி இரண்டு பேர் தூக்கிவர, முன்னால் படகுக்காரர், குளித்து நெற்றியில் திருநீறோடு. சாக்கைப் பிரித்தார்கள். முறம்போல் அகலமாக ஒரு கடலாமை.

“மீனுதான் ஆவாது உங்களுக்கு. சாமி ஆவுமில்ல?” என்றார். “ராத்திரி வலையில வந்துது வாத்தியாரே. உங்க ஊட்டுக் கெணத்துல உட்டு வெச்சுக் கும்புடுங்க.”

அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வஞ்சிரத்துக்கே பத்து நாள். சாமியைத் திருப்பி அனுப்பினால் வகுப்பு அத்தோடு முடிந்தது. வைத்துக்கொண்டால் ஆமை முடிந்துவிடும்.

என் மனைவி விழுந்து சேவித்துவிட்டு எழுந்தாள். கிணற்றுத் தண்ணீரில்தான் சமையல் நடக்கிறது என்பதை மட்டும் பதமாகச் சொல்லி, துணி துவைக்கிற தொட்டியைக் காட்டினாள். கடலில் இருந்த ஜீவன் ஆயிற்றே என்று தொட்டித் தண்ணீரில் கைகையாகக் கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். படகுக்காரர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் போடலாம் வாத்தியாரம்மா.”

அவர் போன பிறகு தெருவே வந்தது. கற்பூரம் காட்டினார்கள், துளசிமாலை போட்டார்கள், வாழைப்பழத்தை உரித்து மூக்கண்டை நீட்டினார்கள். ஆமை எதையும் தொடவில்லை. ஓரமாக ஒண்டிக்கொண்டு பெருமூச்சு விட்டது. அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“அழுவுதுங்க” என்றாள் என் மனைவி. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. பெருமாளிடம் ஒரு வழி கேட்டுக்கொண்டே பூஜை அறையில் விளக்கேற்றினாள். விளக்கை ஏற்றிவிட்டு வெளியே வந்தவள், படகுக்காரரைக் கையோடு கூட்டிவரச் சொன்னாள். நான் சைக்கிளை எடுத்தேன்.

அவர் வந்து நின்றதும் அவள் சொன்னது இதுதான். “நாளைக்கு மாசி மகம். எல்லா ஊரு சாமியும் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருது. நம்ம ஊட்டுச் சாமி மட்டும் தொட்டியில கெடந்தா நல்லாவா இருக்குதுண்ணே?”

அவருக்கு அது சரியாகவே பட்டது. “ஜோரா கூட்டிம்போவலாம் வாத்தியாரம்மா. முழுக்குப் போட்டுட்டுத் திரும்பக் கொணாந்து தொட்டியில உட்டுடறேன்.”

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சாமியை மூங்கிலில் கட்டித் தூக்கக்கூடாது என்று மறுநாள் காலையில் அவர் புஷ் வண்டி பேசிக்கொண்டு வந்தார். அந்த வண்டியைப் பின்னாலிருந்து ஆள் தள்ளிவருவான், உட்கார்ந்திருப்பவர்தான் முன்கம்பியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். ஆமையைக் காலடியில் ஈரச் சாக்கில் வைத்து, நான் கம்பியைப் பிடித்தேன். “இன்னா சாமி, ஓட்டப்போறது நீங்களா அவரா?” என்று ஆமையைக் காட்டிக் கேட்டான் தள்ளுகிறவன். துடுப்புபோன்ற காலால் ஆமை என் முழங்காலில் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்ததில் வண்டி ரோட்டுக்கு இரண்டு பக்கமும் போய்வந்தது. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, உள்ளே என்ன என்றார். என் மனைவியோடு பின்னால் நடந்துவந்த படகுக்காரர், சாமி என்றார். போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். துளசிமாலையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வழிவிட்டார்.

வைத்திக்குப்பம் கடற்கரையில் எள் போட இடமில்லை. பல்லக்குகளும் குடைகளும் மேளமுமாக ஊர் ஊராகச் சாமிகள் வந்து இறங்கியிருந்தன. நாங்கள் கூட்டத்தை விட்டு வடக்கே தள்ளிப் போனோம். படகுக்காரர் ஆமையின் காலில் கயிற்றைக் கட்டி, மறுநுனியைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முழுக்கு முடிந்தது. அடுத்த அலை முதுகில் பட்டதும் ஆமை இழுத்த இழுப்பில் அவர் தடுமாறி உட்கார்ந்தார்.

முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த என் மனைவி கேட்டாள். “தீர்த்தவாரி முடிஞ்சா சாமியெல்லாம் எங்கண்ணே போவும்?”

“அதது கோயிலுக்குப் போவும்.”

சொல்லிவிட்டு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு அலை வந்து போனது. கடலைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தார். பச்சைத் தண்ணீரில் துளசிமாலை மட்டும் மிதந்தது.

“பெருமாளே” என்றார், என் குரலில் இல்லை, தன் குரலிலேயே.

அடுத்த நாள் சாயங்காலம் பயந்துகொண்டுதான் கொட்டகைக்குப் போனேன். உட்கார இடமில்லாமல் கூட்டம். புதிதாக நாலு பேர் வேறு. எல்லாருக்கும் முன்னால் படகுக்காரர், மடியில் சிலேட்டு.

“ஆமைக்கு அப்பறம் சாமி இன்னாவா வந்தாரு வாத்தியாரே?”

அடுத்தது வராக அவதாரம். காட்டுப்பன்றி. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்றைக்குக் கணக்குப் பாடம் என்றேன்.